ஞாயிற்றுக்கிழமை ஊசி

ஜூன் 22, ஞாயிறு

காலையிலிருந்து காற்று. மாமரக் கிளை கூரைத் தகரத்தில் உரசுகிறது. இவரிடம் வெட்டச் சொல்லி மூன்று மாதம்.

ஊசி நாள். குளித்து, சாமி கும்பிட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து சீனி நோய்க்குப் போடுகிற ஊசிப் பென்னை எடுத்து, புது ஊசி மாட்டி, 0.5 அளவுக்குத் திருப்பினால் 0.25இல் நின்றுவிட்டது. மறுபடி திருப்பினேன். அதற்கு மேல் போகவில்லை. ஒரு பென்னில் நாலு ஞாயிறுக்கு மருந்து இருக்க வேண்டும். இன்று மூன்றாவது. ஜூன் 8, ஜூன் 15, இன்று. இந்தக் கொப்பியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

மருந்து விற்ற பாமசிக்காரன் குறைப் பென்னைத் தலையில் கட்டிவிட்டான். பெட்டி கொஞ்சம் கசங்கியிருந்தது என்று அப்போதே நினைத்தேன், வாயைத் திறக்காமல் வந்தேன். இருந்த 0.25ஐ வயிற்றில் போட்டுக்கொண்டேன். நாளைக்கு அவனுக்கு இருக்கிறது.

பத்து மணிக்கு மல்லிகா. இவருடைய தங்கை. வீடு மாத்தளை டவுனில், ஆனால் பாதி நாள் உக்குவளையில் என் குசினி அடுப்படியில்தான். (இனி ம. அவள் பெயரை முழுதாக எழுத மை பற்றாது.)

"அண்ணி, ஆடி பொறக்க முன்ன வாராங்களாம். ஜூலை பதிமூணு. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு நம்ம தர்ஷினிய ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஒன்னே ஒன்னுதான் சொன்னாங்க."

"என்ன?"

"கொஞ்சம் மெலிஞ்சா நல்லதாம்."

கண்டியில் ஒரு கல்யாண வீட்டில் அந்த அம்மா என் மகளைப் பார்த்தது பத்து நிமிடம். அதற்குள் நிறுத்துப் பார்த்துவிட்டார்கள். தர்ஷினிக்கு இருபத்துநாலு வயது. நேசரிப் பள்ளியில் முப்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்க்கிறாள். அதையெல்லாம் யார் கேட்டார்கள்?

"பொண்ணு பார்க்க வாராங்களா, மாடு வாங்க வாராங்களா?" என்றேன்.

ம. சிரித்தாள். "கோவப்படாதீங்க. ஊசியில இப்ப மூனு வகை இருக்கு. தினமும் குத்துறது, உங்களுது மாதிரி கிழமைக்கு ஒன்னு, அப்புறம் எங்க மக பிரியா துபாய்ல போடுறது. அதுதான் பெஸ்ட். அது வந்து சேர லேட்டாகும். அதுவரைக்கும்..."

"அதுவரைக்கும் என்ன?"

"ஒன்னுமில்ல. டீ ஊத்துங்க."

தர்ஷினி அறைக்குள்தான் இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.

ஜூன் 23, திங்கள்

கந்தோரில் முத்திரை முடிந்துவிட்டது. தபால் கந்தோரில் முத்திரை இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, வருகிறவர்கள் என்னவோ நான் தின்றுவிட்ட மாதிரி பார்க்கிறார்கள்.

வேலை முடிந்து தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு. பாமசி. காலியான பென்னைக் கண்ணாடி மேல் வைத்தேன். நாலு ஊசி இருக்க வேண்டியதில் இரண்டரைதான் இருந்தது, இது என்ன நியாயம் என்று கேட்டேன். முதலாளி பென்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ், சீல் எக்க துன்னே. அப்பே வரதக் நே."

சீலோடுதான் கொடுத்தாராம். அவர்கள் பிழை இல்லையாம். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. சிங்களத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன். தமிழ் ஆள் என்றால் திருப்பிக் கேட்க மாட்டோம் என்ற நினைப்பா என்றும் கேட்டேன். வரிசையில் நாலு பேர் நின்றார்கள். நல்லது, எல்லாரும் கேட்கட்டும். அவர் முகம் சிவந்துபோனது. குற்றமுள்ள நெஞ்சு.

கடைசியில் அங்கேயே புதுப் பென் வாங்க வேண்டி வந்தது, வேறு கடையில் இல்லை. இந்த முறை பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கினேன்.

தர்ஷினி முழு நேரமும் சவர்க்கார அலுமாரிப் பக்கம் நின்று ஒரு பெட்டியைப் பரீட்சைத் தாள் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் கேட்டேன், "அம்மாவுக்காக ஒரு வார்த்த பேசக் கூடாதா?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

தூறல். ம. வாட்சப்பில் ஏழு வீடியோ அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் பழைய காற்சட்டைக்குள் இரண்டு காலையும் ஒரே பக்கம் விட்டுக் காட்டுகிறாள். புடவை பார்ப்பது மாதிரி ஊசி பார்க்கிறாள் இவள். சரி, நானும் எழுதிவைக்கிறேன். இவரிடம் காட்ட வேண்டும்.

லிராக்ளூடைட். தினமும் ஒன்று. பழைய மருந்து, டொக்டர்மாருக்குப் பழகினது. கந்தோர் சாந்தினியின் மச்சாள் மூன்று வாரத்தில் விட்டுவிட்டாள். வலிக்காக இல்லை, மறந்து மறந்து போகிறதாம்.

செமாக்ளூடைட். கிழமைக்கு ஒன்று. என்னுடையது. முதல் மாதம் 0.25, பிறகு 0.5. அவசரப்பட்டு ஏற்றக் கூடாது. எனக்கு முதல் இரண்டு கிழமை குமட்டல், புளித்த ஏப்பம், வெளிக்குப் போகாது. அதை யாரும் வீடியோவில் சொல்லவில்லை.

டிர்செபடைட். இதுவும் கிழமைக்கு ஒன்று. உடம்பில் இரண்டு இடத்தில் வேலை செய்யுமாம். எடை இன்னும் கூடக் குறையலாம், ஆனால் எல்லாருக்கும் அது வேண்டும் என்றில்லை என்று டொக்டர் சொன்னார். இங்கே நினைத்த நேரம் கிடைக்காது. ம.வின் மகள் சூட்கேசில் வைத்து அனுப்புவாளாம். துபாயிலிருந்து சூட்கேசில் வந்தால் அது மருந்தா, அவித்த முட்டையா?

மூன்றுக்கும்: டொக்டர் எழுதின துண்டு இல்லாமல் தொடக் கூடாது. விட்டால் எடை திரும்பி வரலாம். பிள்ளை பெற நினைக்கிறவள் போடக் கூடாது, முன்கூட்டியே நிறுத்த வேண்டும். இதைத்தான் இரண்டு தரம் அடிக்கோடு போட்டேன். கல்யாணத்துக்காக மெலிய ஊசி போட வேண்டும், தாலி ஏறி ஒரு மாதத்தில் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று அதே அம்மா கேட்பார்.

என்னுடையது சீனிக்கு. எடை குறைவது கூட வருகிற லாபம். இதை ம.வுக்கு எத்தனை முறை சொன்னேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம். தர்ஷினி இரண்டைப் பிய்த்து வைத்துவிட்டு எழும்பிவிட்டாள். பசியில்லையாம்.

ஜூன் 26, வியாழன்

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு நேசரியிலிருந்து கோல். "தர்ஷினி மிஸ் விழுந்துட்டாங்க, வாங்க." காலையிலிருந்து வாந்தியாம். ஒரு பிள்ளைக்குச் சப்பாத்துக் கட்டிவிடக் குனிந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். கவுண்டரைச் சாந்தினியிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோவிலும் வாந்தி. உதடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. சேலைன் ஏற்றுகிறார்கள்.

என்னை மாலையில் காசு கட்டிச் சேனலிங்கில் பார்க்கிற டொக்டர்தான் இந்த வாட்டுக்கும் வருகிறவர். யாழ்ப்பாணத்து ஆள், குரல் உயராது. நாடி பார்த்தார், வயிற்றை அமர்த்திப் பார்த்தார்.

"பிள்ளை, என்ன மருந்து பாவிச்சனீங்கள்? உள்ளதைச் சொல்லுங்கோ."

"அவ ஒரு மருந்தும் எடுக்கிறதில்ல டொக்டர்" என்றேன் நான்.

தர்ஷினி என்னைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்தே சொன்னாள். "அம்மாட ஊசி."

மூன்று தரம் என் பழைய பென்னிலிருந்து 0.25. ஐந்து நாளைக்கு ஒன்று, ஏனென்றால் ஜூலை பதின்மூன்றுக்குள் மெலிய வேண்டும் என்று எனக்குச் சொல்ல முன்பே அத்தை அவளிடம் சொல்லிவிட்டாள். செவ்வாய்க்கிழமை புதுப் பென்னிலிருந்து 0.5. அத்தை ஏற்றச் சொன்னாளாம். ஊசி முனைகளும் அத்தைதான் வாங்கிக் கொடுத்தாளாம்.

அவளை அடிக்கக் கை வந்தது. சேலைன் ஏறுகிற கை, எங்கே அடிப்பது?

டொக்டர் என்னிடம் திரும்பினார். "ஊசி முனை மாத்தினாலும் ஒரு பென்னை ரெண்டு பேர் பாவிக்கக் கூடாது. கிருமி போகும். ரெண்டு பேருக்கும் இரத்தம் சோதிக்க வேணும். உங்கட புதுப் பென்னையும் எறியுங்கோ." பிறகு, "இவவின்ர தகப்பன் பக்கத்தில ஆருக்காவது தைரோயிட் கான்சர் எண்டு ஏதும் இருந்ததோ?"

அதே கேள்வியை என்னிடமும் கேட்டுத்தான் எனக்குத் துண்டு எழுதினார். நான் இல்லை என்றேன், என் பக்கத்தில் இல்லை. என் மாமியாருக்குக் கழுத்தில் கட்டி வந்து கொழும்பில் ஒப்பரேசன் செய்தது அப்போது ஏன் நினைவுக்கு வர வேண்டும்? அது என் இரத்தம் இல்லை. தர்ஷினிக்கு அது இரத்தம்.

சொன்னேன். அவர் பேனாவை மூடினார். "எல்லா வகையும் இல்லை. குடும்பத்தில ஒரு வகை இருந்தால்தான் இந்த ஊசி போடக் கூடாது. பழைய கிளினிக் கொப்பி இருந்தால் கொண்டு வாங்கோ. தெரியாமல் நான் ஒண்டும் சொல்ல ஏலாது."

ஜூன் 27, வெள்ளி

வாட்டில். வாந்தி நின்றிருக்கிறது. இரண்டு மிடறு கஞ்சி குடித்தாள். பக்கத்துக் கட்டில் ஆச்சி ரேடியோவை நிறுத்துவதே இல்லை.

"ஏன் எங்கிட்ட கேக்கல?" என்றேன்.

"கேட்டா குடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம் என்ன." கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "நீங்கதானே வாரவங்க போறவங்களுக்கெல்லாம் பழைய பிளவுஸ எடுத்துக் காட்டினீங்க. எட்டு கிலோ கொறஞ்சுட்டேன், எட்டு கிலோன்னு. தைக்கிற அக்காகிட்ட என்ன சொன்னீங்க? 'எனக்குப் பிடிச்சுத் தைங்க, இவளுக்கு இன்னும் கொஞ்சம் விட்டுத் தைங்க'ன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். தையல்காரியும் சிரித்தாள்.

வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ம. மேல், அந்தக் கண்டி அம்மா மேல், என் மேல். அந்த வரிசையில் எது முதல் என்று தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டினார்கள். எனக்கு இன்று ஊசி இல்லை, பென்னை எறிந்தாயிற்று. காலையில் சீனி கூடியிருந்தது.

இவரைக் கூட்டிக்கொண்டு ம. வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே ஆரம்பித்தேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"எம் புள்ளைக்கு ஊசி போட நீ யாரு?"

"நல்லதுக்குத்தானே அண்ணி செஞ்சேன். இந்த எடம் போச்சுன்னா இனி எங்க தேடுவீங்க?"

"மாமியோட கிளினிக் கொப்பிய எடு. டொக்டர் கேக்குறாரு. கழுத்துல வந்தது என்ன கேன்சர்னு பார்க்கணும்."

"கேன்சரா?" முகம் செத்துவிட்டது. சட்டென்று எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "மெதுவா பேசுங்க. எங்கம்மாவுக்கு கேன்சர்னு யாரு சொன்னா? அது கட்டி. வெறும் கட்டி."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இந்த வீட்டில் யாருமே அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்த வருடம் அது. கேன்சர் உள்ள குடும்பம் என்று தெரிந்தால் ஒருத்தன் வாசலுக்கு வர மாட்டான் என்று 'கட்டி' ஆக்கினார்கள். ஒப்பரேசன் செய்த தழும்புக்கு மேல் சேலைத் தலைப்பைப் போர்த்திவிட்டார்கள். நானும்தான் கூட நின்று எல்லாருக்கும் கட்டி கட்டி என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி ம. அதை நம்பியேவிட்டாள். பெற்ற தாயின் நோயை மறந்துவிட்டு அவள் பேத்திக்கு ஊசி போட்டிருக்கிறாள்.

இவர் இத்தனை நேரமும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவர், முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"மல்லிகா, கொப்பிய எடு."

அலுமாரியின் அடியில், மாமியின் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தாள். நீட்டின கொப்பியை விடாமல் பிடித்துக்கொண்டு, "பிரியாவும் போடுறாளே அண்ணி" என்றாள். நான் கொப்பியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறின பிறகுதான், அதுவும் ஒரு பிள்ளைதானே என்று தோன்றியது. இவருடைய போனை வாங்கி ம.வுக்கு எடுத்து, ஊசியை உடனே நிறுத்தி அங்கேயே டொக்டரிடம் காட்டச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூலை 2, புதன்

சேனலிங். இலக்கம் பத்தொன்பது. இரண்டரை மணி நேரம் கதிரையில். இவர் நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டார்.

டொக்டர் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மாமியின் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் அடையாளம். ஓரிடத்தில் நின்று இரண்டு தரம் வாசித்தார்.

"இது மற்ற வகை. நான் பயந்தது இல்லை. உங்கட மகளுக்கு இதால பயமில்லை. துபாயில இருக்கிற பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கோ."

இவர் எழும்பி வெளியே போய்விட்டார். கதவுக்கு வெளியே மூக்கு உறிஞ்சுகிற சத்தம்.

இரத்தச் சோதனையும் சுத்தம், இருவருக்கும். இன்னும் சில மாதத்தில் ஒரு தரம் திரும்பச் சோதிக்க வேண்டுமாம். நான் திரும்ப ஊசி தொடங்க வேண்டும். எந்த ஊசி என்று மறுபடி பேசினோம். தினமும் போடுவதா, கிழமைக்கு ஒன்றா, மற்றதா. பழையதே போதும் என்றேன். மகளுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன்.

"அவவுக்கு என்ன வருத்தம்?" என்றார். "வருத்தம் வந்தால் மருந்து தருவன்."

ஜூலை 3, வியாழன்

பாமசி. போகாமல் இருக்க ஆயிரம் காரணம் யோசித்தேன். போனேன். வரிசையில் ஆள் இருக்கும்போதே போனேன், அன்றைக்கு ஆள் முன்னால்தானே கத்தினேன். பிழை என்னுடையது, பென் என் வீட்டில்தான் குறைந்தது என்று சிங்களத்தில் சொன்னேன். தமிழ் ஆள் என்று சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்தான் வாயை விட்டு வரக் கஷ்டப்பட்டது.

முதலாளி துண்டை வாங்கிப் பென்னை எடுத்தார். பெட்டியை அவரே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினார். சிரிக்கவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

ஜூலை 6, ஞாயிறு

ஊசி. இடைவெளி விழுந்ததால் மறுபடி 0.25, டொக்டர் சொன்னபடி. பென் இப்போது பூட்டுப் போட்ட டப்பாவுக்குள், ஃப்ரிட்ஜில். சொந்த வீட்டில் பூட்டு.

பின்னேரம் கண்டி அம்மாவுக்கு நானே கோல் எடுத்தேன். ம.வைக் கேட்கவில்லை, இவரையும் கேட்கவில்லை. மனதுக்குள் மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"வணக்கம் அம்மா. தர்ஷினியோட அம்மா பேசுறேன். பதிமூணாந் திகதி நீங்க வர வேணாம்."

"ஏங்க, என்ன ஆச்சு?"

சொன்னேன். மெலிய வேண்டும் என்று நீங்கள் சொன்னதற்காக என் பிள்ளை திருட்டுத்தனமாக ஊசி போட்டு, நேசரியில் விழுந்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் இருக்கிறபடிதான் இருப்பாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மறுபக்கம் சத்தமே இல்லை. அவமானப்பட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும்.

பிறகு மெல்லிய குரலில், "அது எந்த ஊசிங்க?"

"என்னது?"

"எங்க மக கவிதாவுக்கு தினமும் போடுறத வாங்கிக் குடுத்தோம். மகனுக்கு முன்ன இவ கல்யாணத்தத்தான் முடிக்கணும். ரெண்டு மாசமா ஒன்னும் கொறயல. உங்களுது கிழமைக்கு ஒன்னா? நல்லா கொறயிதா?"

ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைச் சொல்கிறேன், இந்தப் பெண் விலைப் பட்டியல் கேட்கிறாள். "டொக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் எழுத மாட்டேன்.

திரும்பினால் அறை வாசலில் தர்ஷினி.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உனக்காகத்தான் பேசினேன்."

"அத்தையும் எனக்காகத்தான் ஊசி போட்டாங்க." குரல் உயரவே இல்லை. "நான் அவரோட ஒரு மாசமா பேசுறேன். அவர் ஒரு நாளும் மெலியச் சொல்லல. எனக்கு அவரப் பிடிச்சிருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. எப்படித் தெரியும்? யாரும் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை. போனை எடுத்துக்கொண்டு மதிலோரம் போய் நின்று நீண்ட நேரம் பேசினாள். உள்ளே வந்து, "அவர் வாராரு. அதே ஞாயித்துக்கிழம. வீட்டாளுங்க இல்லாம, தனியா" என்றாள்.

மாப்பிள்ளை தனியாகப் பெண் பார்க்க வருவது! இவரிடம் சொன்னேன். "வரட்டுமே" என்கிறார். இந்த மனுஷனுக்கு எல்லாம் வரட்டுமே.

ஜூலை 13, ஞாயிறு

மழை இல்லை. ஊசி 0.25, வலது பக்கம்.

ம.வைக் கூப்பிடவில்லை. பிரியா டொக்டரைப் பார்த்துவிட்டாளாம், மெசேஜ் வந்தது. பதில் போடவில்லை. போடுவேன், இன்றைக்கு இல்லை.

தர்ஷினி அவளுக்குப் பிடித்த மஞ்சள் சுடிதார். சேலை கட்டச் சொல்லவில்லை நான். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம். மாப்பிள்ளை ரமேஷ் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினார். ம. காட்டிய போட்டோ எந்தக் காலத்துப் போட்டோ என்று தெரியவில்லை. வந்தவர் அந்தப் போட்டோவைப் போல் ஒன்றரை ஆள். சட்டைப் பொத்தான் வயிற்றில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. தர்ஷினி முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை, வீடியோ கோலில் எல்லாம் பார்த்ததுதானே.

எனக்குக் கொதித்தது. இந்த மகனைப் பெற்றவளா என் மகளை மெலியச் சொன்னது? சொந்த மகளுக்குத் தினமும் ஊசி, வரப்போகிற மருமகளுக்கும் ஊசி, மகனுக்கு? மூன்று வகையில் ஒன்றையாவது யாராவது அந்த மகன் முன்னால் வைத்தார்களா?

நல்ல பிள்ளை, அதையும் எழுத வேண்டும். கதிரையில் உட்காருவதற்கு முன் இவரிடமும் என்னிடமும் மன்னிப்புக் கேட்டார். "அம்மா பேசினது எனக்குத் தெரியாதுங்க. தர்ஷினி விழுந்ததும் தெரியாது. சொல்லியிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்." தர்ஷினி சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இப்போதுதான் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்.

வடையும் தேத்தண்ணீரும் வைத்தேன். பேச்சு நன்றாகத்தான் போனது. நேசரி, பேங்க் வேலை, கண்டி ரோட்டு நெரிசல். இவர்கூட இரண்டு தரம் சிரித்தார். ரமேஷ் இரண்டு வடை சாப்பிட்டார். தர்ஷினி ஒன்றைப் பாதியாகப் பிய்த்து, பாதியைப் பீங்கானில் ஒதுக்கி வைத்திருந்தாள்.

மூன்றாவது வடையை அவர் கேட்கவில்லை. நான்தான் வைத்தேன்.

"சாப்பிடுங்க தம்பி, ஆம்பளப் புள்ள நல்லா சாப்பிடணும்" என்று என் வாய் சொன்னது.

தர்ஷினி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.